கண்ணளவு

ரூனா அந்தக் கட்டிலைக் கொண்டுவந்தது மார்ச்சில்,
டிராக்டரின் பின்பெட்டியில்
உருளைக்கிழங்குச் சாக்குக்கும் நனைந்த நாய்க்கும் நடுவே.
"மூன்று பேர் படுத்து எழுந்தது," என்றாள்.
"மூன்றும் மலைமாடு மாதிரி வளர்ந்து நிற்கிறது."

படகுக்கு வாங்கியதில் மிஞ்சிய நீலத்தை
லௌரி பூசியிருந்தான்.
மேல்சட்டத்தில் ஒரு பற்கடி.
நீலம் பெயர்ந்த இடத்தில் பழைய வெள்ளை,
அதற்கும் உள்ளே பெயர் தெரியாத ஒரு பச்சை.

நன்றி சொன்னேன். தேநீர் கொடுத்தேன்.
வண்டி மேட்டைத் தாண்டியதும்
வேலைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்தேன்.

பதினோரு வருடமாக இந்த யெல் தீவில்
சால்மன் பண்ணைக்கு வலை தைக்கிறேன்.
எனக்குத் தெரிந்த ஒரே பொருள் இடைவெளி.
எந்தக் கண்ணில் மீன் தப்பும், எதில் தங்கும்,
எதில் போகவும் வரவும் முடியாமல்
செவுள் மாட்டி விடியும்வரை துடிக்கும்.
மீனுக்குத் தலை நுழையும், உடல் நுழையாது.
பிள்ளைக்கு நேர்மாறு:
உடல் வழுக்கிப் போய்விடும்.
தலைதான் நிற்கும்.

கம்பிக்கும் கம்பிக்கும் ஆறு சென்டிமீட்டர்.
ஆறு. ஐந்தே முக்கால். ஆறு.
வலப்பக்கம் நான்காவதில், ஒன்பது.
கோல் சறுக்கியிருக்கும் என்று மறுபடி வைத்தேன்.
ஒன்பது.
அங்கே ஒரு கம்பி மட்டும் வேறு மரம், ஒல்லி,
கொஞ்சம் தள்ளி நட்டிருந்தது.
பக்கச்சட்டம் ஏறி இறங்கும் வகை; ஒரு கொக்கி துருவில் தொங்கியது.
மெத்தையை அழுத்தினேன்.
கையை எடுத்த பிறகும்
கை அங்கேயே இருந்தது.

"மூன்று பேரும் பிழைத்தார்களே," என்றான் எர்லண்ட்.
கிழியாத இடத்தைக் காட்டியா
வலையை விற்பார்கள் என்று கேட்டேன்.
அதன்பிறகு இருவரும் ரூனாவிடம் என்ன சொல்வது என்பதைத்தான் பேசினோம்.
ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று.

அபர்டீனிலிருந்து வரவழைத்தோம்.
இரண்டு வாரச் சம்பளம்.
பைன் மரம், சாயமில்லை, பக்கங்கள் அசையாது,
மூலைகளில் சட்டை மாட்டும்படி குமிழ் எதுவும் இல்லை.
மெத்தை சப்பாத்திப் பலகை போல.
அதற்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாதாம்;
என் ஒரு விரலே திணறியது.
கூடவே வாங்கச் சொல்லி விற்பவர்கள் நீட்டிய
தலையணை, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திரை,
எல்லாவற்றுக்கும் வேண்டாம், வேண்டாம்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. முதலில் புயல்.
கப்பல் நான்கு நாள் துறையை விட்டு நகரவில்லை.
ஓஸ்லா அதற்காகக் காத்திருக்கவில்லை.
லெர்விக் மருத்துவமனையிலிருந்து
நாங்கள் மூவரும் அட்டைப்பெட்டியும்
ஒரே படகில் வீடு திரும்பினோம்.
எர்லண்ட் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாக முடுக்கினான்.
அவன் முடுக்கியதை நான் மறுபடி முடுக்கினேன்.
கோபித்துக்கொள்ளவில்லை. பத்து வருடப் பழக்கம்.

சனிக்கிழமை ரூனா வந்தாள்.
நீலக் கட்டில் கொட்டகையில்,
மேலே என் பழைய வலை ஒன்றைப் போட்டு மூடியிருந்தேன்.
அவள் கொட்டகை வழியாகத்தான் வந்தாள்.

புதியதின் முன் வெகுநேரம் நின்றாள்.
கையைக் குவித்துக் கம்பிகளுக்கிடையே நுழைத்தாள்.
கணுவோடு நின்றது.
"அந்த நாலாவதைப் பார்த்தாய், இல்லையா?"
"பார்த்தேன்."
"துடைப்பக்கட்டை அது.
ஆன்டருக்கு அப்போது எட்டு மாதம்.
நான் கோழிகளிடம் இருந்தேன்.
லௌரி ரம்பத்தால் அறுத்து எடுத்தான்."

கெட்டில் கொதித்து அணைந்தது.
எழுந்து போக எனக்குத் தோன்றவில்லை.

"அதற்கப்புறமும் பிரெண்டாவை அதிலேதான் போட்டேன்," என்றாள்.
"வேறு இல்லை."

ஓஸ்லா மல்லாந்து கிடந்தாள்,
பாதங்கள் கட்டிலின் அடிவிளிம்பைத் தொட,
பிடிபட்டவளைப் போல இரு கைகளையும் தூக்கி.
சுற்றிலும் வெறும் விரிப்பு.
"உள்ளே ஒன்றுமே வைக்கவில்லையா?"
"ஒன்றுமே இல்லை."

பின்னிக் கொண்டுவந்த ஆட்டுக்குட்டியைப்
பையிலிருந்து பாதி எடுத்தவள்
நாற்காலியை இழுத்துப் போட்டு
அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.